வ.உ.சி.யை ஒரு வக்கீலாகவும் அப்பாவாகவும் நினைத்துப் பார்க்கலாமா?

கரிசல்மண்

நவம்பர் 18 வ.உ.சி. நினைவு நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் கப்பலைப் பற்றியும் செக்கைப் பற்றியும் பேசுவார்கள், பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம். அந்த மனிதர் 1895-ல் ஓட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார், நடுவில் அரசாங்கம் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, பிடுங்கி வைத்திருந்த காலம் போக கடைசிவரை அதே தொழிலில்தான் சோறு தின்றார், அந்தச் சோற்றை நம்பி ஒரு பெரிய குடும்பம் இருந்தது. அந்த வக்கீலை, அந்தக் குடும்பஸ்தரை நாம் பேசுவதே இல்லை.

அவருடைய அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். பையன் படிப்பு முடித்து ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தபோது, அங்கேயே விட்டுவிடாமல் திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தவர் அவர்தான். மகன் ஊர் திரும்பியதும் என்ன செய்தார்? ஏழைகளின் கிரிமினல் வழக்குகளைக் காசு வாங்காமல் எடுத்து நடத்தினார். போலீஸ்காரர்கள் ஜோடித்துக்கொண்டுவரும் வழக்குகளைக் கோர்ட்டில் உடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளூர்ப் போலீசோடு பகை முற்றியது. அப்பா பார்த்தார், இது இங்கே சரிப்படாது என்று 1900-ல் மகனைத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் பார்க்கச் சொன்னார். வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அனுப்பினார். அந்தத் தூத்துக்குடியில்தான் துறைமுகமும் வெள்ளைக்காரன் கப்பலும் கோரல் மில்லும் இருந்தன. அந்த அப்பாவை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம் என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது, கடைசிவரை தெளியவில்லை. விடுதலையான பிறகு அந்தத் தம்பியையும் வைத்துக் காப்பாற்றியவர் வ.உ.சி.தான்.

இந்தப் பக்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். என் கட்சி என்னவென்றால், செக்கு அவர் உடம்பை வாட்டியது, அது சில வருஷம். சன்னது பறிபோனதுதான் வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் தாக்கியது, அதன் வலி ஆயுசுக்கும் போகவில்லை.

உப்பளத்தான்

தம்பி, நல்ல பேச்சு எடுத்திருக்கீங்க. தூத்துக்குடியில் பழைய ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது ‘பிள்ளைவாள்’ என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்குக் கப்பலைவிட அவர் கோர்ட்டில் பேசியதுதான் பெரிசாக ஞாபகம் இருந்தது. தொடருங்க, வாசிக்கிறேன்.

கோர்ட்டுவாசல்

நான் தொழில் பார்க்கிற ஆள் என்பதால் சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன் அண்ணாச்சி. நிறையப் பேர் அவரைப் பாரிஸ்டர் அளவுக்கு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பிளீடர். சீமைக்குப் போய்ப் படித்த பாரிஸ்டர் ஒரு தட்டு, பி.எல். முடித்து ஹைகோர்ட்டில் நிற்கும் வக்கீல் ஒரு தட்டு, தேர்வு எழுதிச் சன்னது வாங்கி மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளில் நிற்கும் பிளீடர் ஒரு தட்டு. கிராமத்துச் சனம் கோர்ட்டுப்படி ஏறும்போது முதலில் பார்க்கிற முகம் இந்தப் பிளீடரின் முகம்தான். வரப்புத் தகராறு, அடிதடி, கடன் பத்திரம், மாட்டைப் பிடித்துக் கட்டியது, எல்லாம் இவரிடம்தான் வரும். பீஸ் சில சமயம் பணமாக வரும், சில சமயம் கம்பும் கேப்பையுமாக வரும். என் அப்பாவும் முன்சீப் கோர்ட்டு வக்கீல்தான், எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட தேங்காய் எப்போதும் கிடக்கும், அதனால் இது எனக்கு ஏட்டுச் சேதி இல்லை.

1879-ஆம் வருஷத்துச் சட்டத் தொழிலர் சட்டப்படி, கிரிமினல் குற்றத்தில் தண்டனை பெற்ற பிளீடரை ஹைகோர்ட் தொழிலிலிருந்து நீக்கலாம். அப்படித்தான் இவர் சன்னது போனது. படித்தது சட்டம், பழகியது கோர்ட்டு, முப்பத்தைந்து வயதில் உள்ளே போய் நாற்பது வயதில் வெளியே வந்தவருக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்தில் இருபது, ராஜத்துரோகத்துக்கான 124-அ பிரிவின்படி அவர் சொந்தமாகப் பேசிய பேச்சுக்கு. மற்ற இருபது, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. உடந்தை என்றால் என்ன? சிவாவைத் தன் வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டு மேடையேற்றியது. அந்தக் காலத்தில் நாடு கடத்தும் ஆயுள் தண்டனையை இருபது வருஷமாகக் கணக்குப் பண்ணுவார்கள், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொன்னதால்தான் நாற்பது ஆனது. பேசிய சிவாவுக்குப் பத்து வருஷம், அவருக்கு இலை போட்டவருக்கு அந்த வகையில் மட்டும் இருபது. வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டது இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆயுள் தண்டனைக்குரிய காரியமானது. மேல்முறையீட்டில் கடைசியாக ஆறு வருஷமாகக் குறைந்தது என்பது ஆறுதல்தான், ஆனால் அந்தத் தீர்ப்பை இன்றைக்குப் படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜாமீன் விஷயமும் தெரிந்திருக்கும். ஹைகோர்ட் இவருக்கு ஜாமீன் கொடுத்தது. கூடக் கைதான சிவாவுக்கும் பத்மநாப ஐயங்காருக்கும் கிடைக்காததால் நான் மட்டும் வெளியே வரமாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார். உள்ளே போன பிறகும் சும்மா இருக்கவில்லை, சக கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். சன்னது போனாலும் வக்கீல் புத்தி போகாது பாருங்கள்.

மறுகேள்வி

எல்லோரும் உருகுகிறீர்கள், சரி. நான் நேரடியாகவே கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். இவரை நல்ல அப்பா என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதது நண்பர்களுக்குச் செய்த விசுவாசம். வீட்டில் காத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் குழந்தைகளுக்கும்? நன்றாக வருமானம் வந்துகொண்டிருந்த ஆள். 1906-ல் கப்பல் கம்பெனி, பத்து லட்சம் ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு நாற்பதாயிரம் என்று பதிவு செய்கிறார், பம்பாய்க்கு ஓடுகிறார், பிரான்சிலிருந்து ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பலைக் கொண்டுவருகிறார். சின்னக் குழந்தைகள் வைத்திருக்கிறவர் இதில் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டாமா? தேசத்துக்கு அவர் செய்தது பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தியாகத்தின் பில்லை அவர் மட்டும் கட்டவில்லை, கேட்காமலே குடும்பமும் கட்டியது. அதை மூடிவிட்டு ‘பாசமான தந்தை’ என்று எழுதுவது அந்தக் குழந்தைகளுக்கு நியாயமில்லை.

பொருநைக்கரை

மறுகேள்வி தம்பி கேட்டது நியாயமான கேள்வி, இதைக் கேட்காமல் விட்டால் இந்த இழைக்கே அர்த்தம் இல்லை. பதில் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்களைக் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன்.

முதல் மனைவி வள்ளியம்மாள். ராமையா தேசிகர் என்று ஒரு பார்வையற்ற துறவி, வேறு சாதிக்காரர். அவரை வ.உ.சி. வீட்டுக்கு அழைத்து வந்து தங்க வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் எதிர்த்தார்கள். அந்த அம்மாள் கண் தெரியாத அந்த மனிதருக்குத் தன் கையால் சோறு பரிமாறினார். இது நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஓட்டப்பிடாரம் மாதிரி ஒரு ஊரில். நான் ஆசிரியை, இன்றைக்கும் சில ஊர்களில் சத்துணவுக்கூடத்தில் யார் சமைத்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடமாட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் அந்த அம்மாள் எவ்வளவு பெரிய மனுஷி என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே போய்விட்டார்.

அடுத்து வந்தவர் மீனாட்சி அம்மாள். 1908 மார்ச் 12-ல் கணவர் கைதானார், 1912 டிசம்பர் 24-ல்தான் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் கைக்குழந்தைகளோடும், சித்தம் கலங்கிய கொழுந்தனோடும், வருமானம் நின்றுபோன வீட்டை இந்தப் பெண் நடத்தினாள். கப்பல் கம்பெனியில் போட்ட பணமும் போயிற்று, கம்பெனியையும் கலைத்துவிட்டார்கள், கப்பலை எதிரிக் கம்பெனியிடமே விற்றார்கள். பிறகு கணவர் வந்தார், திருநெல்வேலிப் பக்கம் போகக் கூடாது என்பதால் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்கள், சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாற்றி வீடு. அரிசி, மண்ணெண்ணெய் வியாபாரம் எல்லாம் பார்த்துப் பார்த்தார், நிலைக்கவில்லை.

அந்த அம்மாளை எங்கேயாவது சிலையில் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அந்தத் தியாகத்தின் பில்லைக் கட்டியவர்களின் பெயரையாவது சொல்லுங்கள் என்பதுதான் மறுகேள்விக்கு என் பதில்.

தாளடுக்கு

மறுகேள்விக்கு நான் ஒரு கடிதத்தைக் காட்டிப் பதில் சொல்கிறேன். காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி 1915 ஏப்ரலில் சென்னைக்கு வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். வ.உ.சி. அவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார், அதிலிருந்து கடிதங்கள் போய் வந்தன. தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் வ.உ.சி.க்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது, அது இவர் கைக்கு வந்து சேர 1916 ஆகிவிட்டது. தொகை 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து வெளிக்கொண்டு வந்தவர் வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி.

நான் சொல்ல வந்தது தொகையைப் பற்றி அல்ல. அந்தப் பணத்தைப் பற்றி எழுதும்போது வ.உ.சி. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறார்: சிறையிலிருந்து வந்த பிறகு தானும் குடும்பமும் தென்னாப்பிரிக்க நண்பர்களின் உதவியில்தான் வாழ்கிறோம், இப்போதிருக்கும் நிலைமையில் இந்தப் பணம் வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தப்புச் செய்தவன் ஆவேன். வார்த்தைக்கு வார்த்தை இல்லை, சாரம் இதுதான்.

யோசித்துப் பாருங்கள். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியின் உதவிச் செயலாளராக இருந்தவர். ஊரே கூடிக் கப்பலை வரவேற்றதைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் தன் மானத்தைப் பெரிதாக நினைத்திருந்தால் காந்திக்கு ‘பரவாயில்லை, வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது படிக்கவும் அழகாக இருந்திருக்கும், நாமும் இன்றைக்கு மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்போம். அவர் அதைச் செய்யவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது வறட்டுக் கௌரவம் பார்ப்பது தப்பு என்று எழுத்திலேயே சொன்னார், பணம் வரவில்லை என்று மறுபடி மறுபடி ஞாபகப்படுத்தினார். அப்பா என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். கேட்கக் கூச்சப்படும் ஒரு மனிதர் பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து முதன்மையாக உதவியவர் வேதியப் பிள்ளை. அவர் நினைவாகத்தான் தன் மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார்.

உப்பளத்தான்

வேதவல்லி பெயர்க் காரணம் இப்பதான் கேள்விப்படுதேன். வாலேஸ்வரன் கதை தெரியும். யாராவது சொல்லுங்க, நான் எழுதினால் நீளமாயிரும்.

கரிசல்மண்

நான் சொல்கிறேன் அண்ணாச்சி. இ.எச். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. திருநெல்வேலியில் வேலை பார்த்த காலத்திலேயே வ.உ.சி.யை அறிந்தவர். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். சன்னதைத் திருப்பித் தரும்படி வ.உ.சி. கேட்டபோது அது கிடைக்கக் காரணமாக இருந்தவர் அவர்தான். 1920களில் வ.உ.சி. மறுபடி கறுப்புக் கோட்டுப் போட்டார், எங்கள் கோவில்பட்டியில்தான் வந்து தொழில் பார்த்தார், 1932 வாக்கில் தூத்துக்குடிக்குப் போனார். அந்த நன்றிக்காகக் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

மறுகேள்வி

இதுதான் எனக்குப் புரியவே இல்லை. வெள்ளைக்காரன் கப்பலில் ஏறாதே, வெள்ளைக்காரன் துணியைத் தொடாதே என்று ஊர் ஊராகப் பேசிய ஆள், பிடுங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிப் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பெயரை வைப்பதா? பிடுங்கியதே அநியாயம், அதைத் திருப்பித் தந்தது எப்படி உபகாரம் ஆகும்?

கோர்ட்டுவாசல்

சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, பிடுங்கியது அநியாயம். ஆனால் கோர்ட்டுக்குள் உழன்றவனுக்கு வேறொன்று தெரியும் தம்பி. ஒரு சாதாரண மனு, ஒரு கையெழுத்து, அதைப் போட வேண்டியவர் போடாமல் விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிலை. ராஜத்துரோகத் தண்டனை பெற்ற ஒரு ஆளுக்குத் தொழிலைத் திருப்பித் தருவதால் வாலஸுக்குக் கிடைக்கப்போகிற லாபம் ஒன்றும் இல்லை, கெட்ட பெயர் வேண்டுமானால் கிடைத்திருக்கும். அந்த இடத்தில் ஒரு ஆள் நியாயமாக நடந்துகொண்டால் அதை மறக்கக் கூடாது. சாம்ராஜ்யத்தின் மேல் வ.உ.சி.க்கு இருந்த பகை அந்த ஆளின் மேல் இல்லை. சிறையிலிருந்து வந்தும் மனசில் அந்த அளவுக்கு இடம் வைத்திருந்தார் என்றால் அதை நான் பலவீனமாகப் பார்க்க மாட்டேன்.

பெயரையும் பாருங்கள். வாலஸ் என்று அப்படியே வைக்கவில்லை, ஈஸ்வரனைச் சேர்த்து நம் வீட்டுப் பெயராக்கிவிட்டார். மூத்த பையன் உலகநாதன், அது தாத்தா பெயர், எல்லா வீட்டிலும் வைப்பதுதான். அதன் பிறகு கைகொடுத்தவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டே போகிறார். அவரிடம் திருப்பிக் கொடுக்கக் காசு இல்லை.

பொருநைக்கரை

வாலேஸ்வரன் விஷயத்தில் கோர்ட்டுவாசல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சன்னது திரும்பி வந்த அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று மீனாட்சி அம்மாளின் பக்கமிருந்து யோசித்தேன். மாதச் செலவை யாரிடம் கேட்பது என்ற பேச்சு அன்றோடு கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தப் பெயரை வைக்க அந்த அம்மாளும்தான் சம்மதித்திருப்பார்.

கரிசல்மண்

கோவில்பட்டி பற்றி யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். இது கரிசல் காடு, மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன். கட்சிக்காரன் கையில் காசு இருக்காது. இங்கே ஐம்பது வயதில் வந்து புதிதாகத் தொழில் தொடங்கிய பிளீடருக்கு என்ன பெரிய வரும்படி வந்திருக்கும்? 1900-த்தின் தூத்துக்குடி வக்கீல் வேறு, 1925-ன் கோவில்பட்டி வக்கீல் வேறு. நடுவில் போன வருஷங்களை எந்த ஹைகோர்ட்டும் திருப்பித் தரவில்லை. வக்கீல் தொழிலில் நாற்பதிலிருந்து ஐம்பதுவரைதான் பேர் நிலைக்கிற வயசு என்பார்கள், அந்தப் பத்து வருஷத்தைத்தான் இவர் மண்ணெண்ணெய் விற்றுக் கழித்தார்.

காங்கிரசிலும் அந்த நேரத்தில் அவர் இல்லை. 1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்பு மாநாட்டில் ஒத்துழையாமைத் தீர்மானம் வந்தது, வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. திலகர் அதற்கு முந்தைய மாதம்தான் இறந்திருந்தார், இவர் திலகர் கட்சி. அந்த வழி சரிவராது என்று வெளியே வந்துவிட்டார். அதற்காக இவரைச் சுயநலக்காரர் என்று ஏசியவர்களும் உண்டு என்று எண்ணும்போது ஆத்திரம் வருகிறது. கோர்ட்டை விடச் சொல்லி ஊருக்கெல்லாம் கட்டளை போட்ட அதே காலத்தில் இவர் ஏற்கெனவே கோர்ட்டு இல்லாமல் பன்னிரண்டு வருஷம் பட்டினி கிடந்தவர், புறக்கணிப்பு என்றால் என்ன என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? 1927-ல் திரும்பிச் சேர்ந்தார், சேலத்தில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

மறுகேள்வி

சரி, காந்தி கடிதம் என்னை அசைத்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று இன்னும் இடிக்கிறது. இவ்வளவு கஷ்டத்திலும் 1917-ல் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பிக்கிறார். பிறகு தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையான இளம்பூரணம். ஏடு தேடுவது, படியெடுப்பது, அச்சுக்கூலி, காகிதம், எல்லாம் காசு. வீட்டு வாடகை கட்டவே திண்டாடும் அப்பா தொல்காப்பியம் அச்சிடலாமா?

தாளடுக்கு

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுவது இதுதான். அவருக்குக் கோர்ட்டு மூடிக்கிடந்த காலத்தில் எழுத்தும் பதிப்பும் ஒரு வகையில் பிழைப்பும்தான். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்து ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று வெளியிட்டார், சிறைப்பாடல்களை ‘பாடற்றிரட்டு’ என்று 1915-ல் கொண்டுவந்தார். விற்றால் நாலு காசு வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் இளம்பூரணம் அப்படி இல்லை, அதை அவர் தமிழுக்காகச் செய்தார், நட்டம் வரும் என்று தெரிந்தே செய்திருப்பார். அதை உங்களிடம் நியாயப்படுத்த வரவில்லை. தன் பெயரில் ஒரு வீடோ நிலமோ வைத்துவிட்டுப் போக முடியாத ஒரு அப்பா, வேறு என்ன வைத்துவிட்டுப் போக முடியும் என்று நினைத்திருக்கலாம். இன்றைக்கு இளம்பூரணரைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு மாணவரும் அவருக்குக் கடன்பட்டவர்.

பாடற்றிரட்டைப் படிக்காதவர்கள் படியுங்கள். சிறையிலிருந்து அப்பாவுக்கு, அம்மாவுக்கு, மனைவிக்கு, மக்களுக்கு, தம்பிக்கு என்று எழுதிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. வெண்பாவில் எழுதுகிறார், மரபு பிசகாமல். உடம்பு செக்கில், மனசு வீட்டில். கைதிக்கு எத்தனை கடிதம் எழுத அனுமதி இருந்திருக்கும்? அந்தக் கொஞ்ச இடத்தில் அரசியல் பேசாமல் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகளைப் பற்றி யோசிக்காமல் போனவர் என்ற உங்கள் வாதத்துக்கு அந்தப் பக்கங்கள்தான் பதில்.

பொருநைக்கரை

‘மெய்யறம்’ நூலையும் சொல்லுங்கள் ஐயா. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்று ஐந்து பகுதி. ஒரு வரியில் ஒரு கருத்து, குழந்தைகள் மனப்பாடம் செய்யலாம். முதலில் மாணவருக்குச் சொல்லிவிட்டு, அடுத்து இல்லறத்துக்கு வருகிறார், அரசியல் மூன்றாவதுதான். அரசியலுக்காகச் சிறை போனவர் வைத்த வரிசை இது. நான் வகுப்பில் மாணவரியலிலிருந்து வரிகளை எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுவது உண்டு.

உப்பளத்தான்

கடைசிக் காலத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடுதேன். 1936 நவம்பர் 18, காங்கிரஸ் ஆபீசில் வைத்துத்தான் உயிர் பிரிந்தது, அப்படித்தான் அவர் ஆசைப்பட்டார். பாரதி பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே போனதாகச் சொல்லுவாங்க. வயசு அறுபத்து நாலுதான். அவர் பெயரில் கப்பல் விட்டது 1949-ல், தபால்தலை 1972-ல், துறைமுகத்துக்குப் பேர் வைத்தது 2011-ல். எல்லாம் வந்துது, அவர் இருக்கும்போது கடைக்காரனுக்குக் கொடுக்கக் காசு வரலை.

தாளடுக்கு

அந்தக் கடைக்காரர் கணக்குதான் அவர் உயிலில் இருக்கிறது. சொத்துப் பட்டியல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கடன் பட்டியல் இருக்கிறது. கடைப் பாக்கி, வீட்டு வாடகைப் பாக்கி என்று யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு வக்கீல் தன் கடைசி ஆவணத்தை எழுதுகிற விதம் அது. பிறகு யாரும் வந்து பிள்ளைகளிடம் ‘உங்கப்பா எனக்கு இவ்வளவு தரணும்’ என்று வாய்க்கு வந்த தொகையைச் சொல்ல முடியாது. பிள்ளைகளும் எது உண்மைக் கடன், எது பொய் என்று தவிக்க வேண்டாம்.

கோர்ட்டுவாசல்

இதை என் ஜூனியர்களுக்குச் சொல்லப்போகிறேன். உயில் என்றால் சொத்தைப் பங்கு போடுவது என்று மட்டும் நினைக்கிறார்கள். கடனை ஒளிக்காமல் எழுதி வைத்த உயிலைக் கோர்ட்டில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

மறுகேள்வி

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதற்குக் கோபப்படாமல் பதில் சொன்னீர்கள். அவர் பிள்ளைகளை நினைக்காதவர் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் என் மற்றக் கட்சியை விடவில்லை. அந்தக் குடும்பம் அவ்வளவு பாடுபட வேண்டிய அவசியமே இல்லை. அவர் வெளியே வந்த 1912-ல் அவரை வரவேற்கச் சிறை வாசலுக்குப் போனவர்கள் சிவாவும் இன்னும் சிலரும்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கைதானபோது திருநெல்வேலியே கொதித்தது, நாலு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த ஊரும் இந்த மாகாணமும் மாதம் ஆளுக்கு ஒரு அணா போட்டிருந்தால்கூட அந்தக் குழந்தைகள் பசியில்லாமல் வளர்ந்திருக்கும். கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு வந்த எண்ணம் இங்கே இருந்தவர்களுக்கு ஏன் வரவில்லை? நான் அப்பாவைக் கேட்ட கேள்வியை ஊரைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

பொருநைக்கரை

இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் தம்பி. எங்கள் பள்ளியில் 18-ஆம் தேதி காலை வழிபாட்டில் இந்த ஆண்டு எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கப்பலைப் பற்றி இன்னொரு ஆசிரியர் பேசுகிறார். நான் மீனாட்சி அம்மாளைப் பற்றியும் அந்த 347 ரூபாய் 12 அணாவைப் பற்றியும் பேசுகிறேன். தாளடுக்கு ஐயா, பாடற்றிரட்டில் மக்களுக்கு எழுதிய பாட்டு எந்தப் பக்கம் என்று முடிந்தால் இங்கே போடுங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நன்றாகப் பாடுவாள், அவளிடம் கொடுக்க வேண்டும்.

தாளடுக்கு

நாளைக்கு நூலகம் போகிறேன் அம்மா, பார்த்து முழுப் பாட்டையும் தட்டச்சு செய்தே போட்டுவிடுகிறேன். சீர் பிரித்து எழுதுகிறேன், அந்தப் பிள்ளைக்குப் பாட வசதியாக இருக்கும்.